டெட்ராய்ட் ஆத்துல வாத்துங்க எப்படித் திரும்பி வந்துச்சு: ஒரு நிகழ்வு ஆய்வு

இண்டஸ்ட்ரியல் ஏரியாவுல நீர்ப்பறவைக்கு இடம் திரும்ப உண்டாக்கணும்னு பேச்சு வந்தாலே குளம் வெட்டலாம், கரையில நாணல் நடலாம், ஒரு பார்வை மேடை கட்டலாம்னு தான் ஆரம்பிப்பாங்க. டெட்ராய்ட் ஆத்தோட கதையை முழுசா எடுத்துப் பாத்தா அந்த வரிசையே தலைகீழ்னு தெரியும். அங்க வாத்து திரும்பி வந்ததுக்கு, புதுசா கட்டினதோட பங்கு ரொம்பக் கொஞ்சம். விஷத்தை நிறுத்தினதும், மிச்சம் இருந்ததை வித்துடாம புடிச்சு வச்சதும் தான் பெரிய பங்கு. கட்டினதே வேண்டாம்னு நான் சொல்லல, அதோட இடம் எதுன்னு தான் பாக்கப் போறோம்.

இடம்

டெட்ராய்ட் ஆறு நீளத்துல சின்னது, சுமார் 51 கிலோமீட்டர் தான். மேல செயின்ட் கிளேர் ஏரி, கீழ ஈரி ஏரி, ஒரு கரை அமெரிக்கா, மறு கரை கனடா. வட அமெரிக்காவுல பறவைங்க தெற்கும் வடக்கும் போற பெரிய வலசைப் பாதைகள்ல அட்லாண்டிக், மிசிசிப்பி ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு விழற இடம் இது. வருஷத்துக்கு சுமார் 3 லட்சம் முங்கு வாத்துங்க, அதாவது தண்ணிக்குள்ள முங்கி அடியில இருந்து தின்னுற கேன்வாஸ்பேக், ரெட்ஹெட், ஸ்காப் மாதிரி வகைங்க, இந்த வழியில இறங்கிட்டுப் போகுது. 30க்கும் மேல நீர்ப்பறவை வகைங்க இங்க பதிவாகியிருக்கு.

வாத்து ஏன் இங்க இறங்குச்சோ கிட்டத்தட்ட அதே காரணத்துக்குத் தான் ஃபாக்டரியும் இங்க வந்துச்சு. தட்டையான கரை, ஆழமில்லாத ஓரம், ஓடிக்கிட்டே இருக்கற தண்ணி, கப்பல் போற பாதை. ரூஜ் ஆறு வந்து சேர்ற இடத்துக்கு மேல ஃபோர்டோட பிரம்மாண்டமான ரூஜ் பிளான்ட், அந்த ஆத்து முகத்துலயே ஜக் தீவு ஸ்டீல் உலைங்க, அதுக்குக் கீழ வயண்டாட்ல தரைக்கடியில இருந்து உப்பு எடுத்து சோடா சாம்பல் செய்யற கெமிக்கல் கம்பெனிங்க, இன்னும் கீழ ட்ரென்டன்ல ஸ்டீல், பவர் பிளான்ட், பெயின்ட். ஈரநிலத்தை மண்ணு கொட்டி மேடாக்கி, ஆத்தோரத்துல இரும்புத் தகடை அடிச்சு இறக்கி, அதுக்குப் பின்னாடி தொழில் நடந்துச்சு. இந்த ஆத்தோரம் இருந்த கரையோர ஈரநிலத்துல 97 சதவீதம் போயிடுச்சு. அந்த நம்பரை மனசுல வச்சுக்கிட்டே மீதியைப் படிங்க, ஏன்னா பின்னாடி வர்ற எந்தச் சாதனையும் அந்த மிச்சம் 3 சதவீதத்துக்குப் பக்கத்துல தான் நடக்குது.

எண்ணெயில செத்த வாத்துங்க

1948 குளிர்காலத்துல இந்த ஆத்துல எண்ணெய் படிஞ்சு சுமார் 11,000 வாத்தும் கூஸும் செத்துப் போச்சு. அப்போ ஆத்துல கப்பல் எதுவும் உடைஞ்சு கொட்டல, இது விபத்தே இல்ல. 1946ல இருந்து 1948 வரைக்கும் இருந்த கணக்குப்படி டெட்ராய்ட் ஆத்துக்கும் ரூஜ் ஆத்துக்கும் சேர்த்து வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 60 லட்சம் கேலன் எண்ணெய், பெட்ரோலியக் கழிவு போய்க்கிட்டு இருந்துச்சு. அன்றாட வேலையா, குழாய் வழியா, யாரும் ஒளிச்சுக்கூட செய்யல.

ஏன் குளிர்காலத்துல மட்டும் இவ்ளோ சாவுன்னு கேட்டா, அங்க தான் இண்டஸ்ட்ரியல் ஏரியாவோட தனிப் பிரச்சினை இருக்கு. கடுங்குளிர்ல சுத்தி இருக்கற ஏரி எல்லாம் பனி மூடிடும். ஓட்டம் வேகமா இருக்கற இடத்துலயும் ஃபாக்டரி சூடான தண்ணிய விடற இடத்துலயும் மட்டும் தண்ணி திறந்திருக்கும். வாத்துக்கு அது தான் போக்கிடம். அந்தத் தண்ணியில தான் எண்ணெயும் மிதக்குது. எண்ணெய் பட்ட இறகு தண்ணியைத் தள்ளாது, உள்ள ஈரம் இறங்கும், உடம்புச் சூடு போகும், வாத்து அலகால இறகைக் கோதும்போது எண்ணெய் வயித்துக்குள்ளயும் போகும். ரெண்டு மூணு நாள்ல முடிஞ்சுடும். அதாவது கெட்ட இடம்னு தெரிஞ்சு வாத்து ஒதுங்கிப் போகும்னு நம்ப முடியாது. அதுக்கு எங்க தண்ணி இருக்கோ அங்க போகும், எங்க சாப்பாடு இருக்கோ அங்க போகும், எதுல என்ன கலந்திருக்குன்னு பாத்து முடிவு பண்ணாது.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி, சத்தம் போட்டது யாருன்றது தான். வேட்டைக்காரங்க! எண்ணெயில ஊறிச் செத்த வாத்துங்களை வண்டியில அள்ளிட்டு லான்சிங்ல இருக்கற மிச்சிகன் சட்டசபைக் கட்டடத்துக்குப் போயி, முன்னாடி புல்வெளியில கொட்டினாங்க. சுட வந்தவங்க தான் காப்பாத்தப் போராடினாங்கன்னு கேட்டா விசித்திரமா இருக்கும், ஆனா அமெரிக்காவுல நீர்ப்பறவைப் பாதுகாப்புல இது வழக்கமான விஷயம். 1934ல வந்த டக் ஸ்டாம்ப் சட்டப்படி வாத்து வேட்டைக்குப் போறவங்க வருஷா வருஷம் ஒரு ஸ்டாம்ப் வாங்கணும், அந்தக் காசு ஈரநிலம் வாங்கப் போகுது. அடுத்த வருஷம், 1949ல, மிச்சிகன் மாநிலம் தண்ணி மாசைக் கவனிக்கற ஒரு கமிஷனுக்கு புது அதிகாரம் குடுத்துச்சு. ஆனா பிரச்சினை தீந்துடல. 1960ல மறுபடியும் சுமார் 12,000 நீர்ப்பறவைங்க அதே மாதிரி செத்துச்சு.

சத்தமில்லாம போன சாப்பாடு

செத்த வாத்தை போட்டோ எடுக்கலாம், பேப்பர்ல போடலாம். அடியில இருக்கற செடி போனா யாருக்கும் தெரியாது. கேன்வாஸ்பேக்குக்கு இந்த ஆத்துல முக்கியமான தீனி வைல்ட் செலரின்னு சொல்ற வலிஸ்னேரியா. தண்ணிக்குள்ள ரிப்பன் மாதிரி நீள நீளமா இலை விடற செடி, இலையுதிர் காலத்துல மண்ணுக்குள்ள மாவுச்சத்து நிறைஞ்ச சின்னச் சின்ன மொட்டை விட்டுட்டு மேல இருக்கறது வாடிடும். வாத்து முங்கிப் போயி அந்த மொட்டைத் தோண்டித் தின்னும், அந்தக் கொழுப்புல தான் அடுத்த சில நூறு கிலோமீட்டர் பறக்கும். ஆத்தோட கீழ்ப்பகுதியில 1950க்கும் 1985க்கும் நடுவுல அந்த மொட்டு எண்ணிக்கை 72 சதவீதம் குறைஞ்சிருந்துச்சுன்னு அளந்து பாத்தாங்க.

செடிக்கு வேணும்னு இருக்கறது ரொம்பச் சாதாரணம், அடி வரைக்கும் வெளிச்சம். கலங்கின தண்ணி, சாக்கடையில வர்ற பாஸ்பரஸ்ல வளர்ற பாசி, கப்பல் கிளப்பி விடற சேறு, இதெல்லாம் வெளிச்சத்தை மறிச்சா செடி மேல வர முடியாது. இந்த நிலைமையில கரையில யாராவது அழகா ஒரு குளம் வெட்டியிருந்தாலும் முங்கு வாத்துக்கு அது பெருசா உதவியிருக்காது, அதோட சாப்பாட்டு மேசையே நடு ஆத்துல தான் இருக்கு.

பேருக்கு ஒரு சரணாலயம்

1961ல அமெரிக்க நாடாளுமன்றம் இதே ஆத்துல வயண்டாட் தேசிய வனவிலங்கு சரணாலயம்னு ஒண்ணை உண்டாக்குச்சு, அதுல முக்கியமானது கிராஸி தீவு. கேக்க நல்லா இருக்கு. ஆனா அதே தீவை சுத்தி கரை கட்டி, ரூஜ் ஆத்துல கப்பல் போறதுக்காக தூர்வாரின சேத்தை அதுக்குள்ள கொட்ட அனுமதியும் இருந்துச்சு. 1980கள் ஆரம்பம் வரைக்கும் கொட்டினாங்க. அந்தச் சேத்துல பிசிபின்ற தொழிற்சாலை ரசாயனம், பாதரசம், ஈயம், எண்ணெயில இருந்து வர்ற நச்சுன்னு ரூஜ் ஆத்துக்கரைத் தொழிற்சாலைகளோட முழுச் சரித்திரமும் இருந்துச்சு. அப்புறம் அதுல தானா செடி முளைச்சு, பச்சையாகி, பறவைங்களும் வந்து உக்காந்துச்சு. தூரத்துல இருந்து பாத்தா வெற்றி மாதிரி தான் தெரியும்.

இந்தத் துறையில வேலை செய்யறவங்க பயப்படற விஷயம் இது தான். மாசான இடத்துல செடி வச்சு தண்ணி நிறுத்திட்டா பறவையைக் கூப்பிட்டு விஷம் வைக்கற மாதிரி ஆயிடும். சேத்துல இருக்கற புழு பூச்சி நச்சை உடம்புல சேர்த்து வைக்கும், வாத்து புழுவைத் தின்னும், முட்டையில இறங்கும், ஓடு மெலிசாகும் இல்லன்னா குஞ்சு கோளாறா பொரியும். கூட்டம் கூட்டமா பறவை வருதுன்றது மட்டும் நல்ல வாழிடத்துக்கு அத்தாட்சி இல்ல. எத்தனை கூடு, எத்தனை குஞ்சு, முட்டையில என்ன இருக்கு, அடிச்சேத்துல என்ன இருக்குன்னு பாக்காம வெறும் தலை எண்ணிக்கையை வச்சு அறிக்கை எழுதறது எனக்கு எப்பவுமே உறுத்தும்.

குழாயை மூடினது

1969 அக்டோபர்ல ரூஜ் ஆறு தீப்பிடிச்சு எரிஞ்சுது. 1970ல பாதரச மாசுன்னால செயின்ட் கிளேர் ஏரி, டெட்ராய்ட் ஆத்துல மீன்பிடிப்பையே நிறுத்தினாங்க. இதுக்கப்புறம் தான் சட்டங்க வேகமா வந்துச்சு. 1972ல அமெரிக்காவோட சுத்தமான தண்ணிச் சட்டம், அதே வருஷம் அமெரிக்கா, கனடா ரெண்டும் சேர்ந்து போட்ட பேரேரிகள் தண்ணித் தர ஒப்பந்தம், அதே வருஷம் டிடிடி பூச்சிமருந்துக்குத் தடை, 1976ல பிசிபியை ஒழிக்க வழி செஞ்ச சட்டம். டெட்ராய்ட்டோட கழிவுநீர் நிலையம் வெறுமனே மிதக்கறதை எடுத்துட்டு மீதியை விடற நிலையில இருந்து, நுண்ணுயிர் வச்சு சுத்தம் பண்ற அடுத்த கட்டத்துக்குப் போச்சு. எண்ணெய், பாஸ்பரஸ் ரெண்டும் பெரிய அளவுல குறைஞ்சுது.

இந்தப் பகுதியைப் பத்தி எழுதறவங்க நிறைய பேரு இதை ரெண்டு வரியில கடந்துட்டு நேரா புது சரணாலயம் வந்த 2001க்குத் தாவிடுவாங்க, ஏன்னா குழாய்க்கு வால்வு போட்டதும் சுத்திகரிப்பு தொட்டி கட்டினதும் படிக்க சுவாரசியமா இருக்காது. என்னைக் கேட்டா மொத்தக் கதையிலயும் கனமான இடம் இது தான். கால் நூற்றாண்டுக்கு மேல இந்தப் பகுதியில குஞ்சு பொரிக்காத வெண்தலைக் கழுகு திரும்பிக் கூடு கட்டுச்சு. 2001ல ஜக் தீவுகிட்ட ஸ்டர்ஜன் மீன் முட்டை போடறதைக் கண்டுபிடிச்சாங்க. 1916க்கு அப்புறம் முதல் தடவையா 2006ல லேக் ஒயிட்ஃபிஷ் முட்டை போட்டது பதிவாச்சு. இதுல எதுக்கும் யாரும் புதுசா ஈரநிலம் கட்டல. வைல்ட் செலரியும் 1990கள்ல நிறைய இடத்துல திரும்பி வந்துச்சு.

அதுல ஒரு சிக்கலான துணைக்கதை இருக்கு. 1980கள் கடைசியில கப்பல் சாயாம இருக்க அடியில ஏத்திக்கற தண்ணி வழியா ஜீப்ரா சிப்பி வந்து சேர்ந்துச்சு, வெளியூரு உயிரினம், பெரிய நாசம் பண்ணுச்சு, இந்த ஊரு சொந்தச் சிப்பிங்களை கிட்டத்தட்ட அழிச்சே விட்டுச்சு. ஆனா அது தண்ணியை வடிகட்டித் தின்னுறதால தண்ணி தெளிவாகி வெளிச்சம் அடி வரைக்கும் போச்சு, செலரிக்கு அது லாபம். ஸ்காப் வாத்து அந்தச் சிப்பியையே தின்ன ஆரம்பிச்சுது, அதுல சேர்ந்திருக்கற நச்சும் கூடவே உள்ள போச்சு. ஒரே உயிரினம் ஒரு வாத்துக்குத் தீனிச் செடியைத் திருப்பிக் குடுத்து இன்னொரு வாத்துக்கு விஷத்தைக் கடத்துது. இதைத் திட்டம் போட்டு யாரும் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. வாத்து எண்ணிக்கை ஏறினதும் அதுக்குப் பேரு எங்க திட்டத்துக்குத் தான்னு சொல்றவங்களைக் கொஞ்சம் சந்தேகத்தோட பாக்கணும்னு மட்டும் எனக்குத் தோணுது.

கடைசி ஒரு மைல்

இப்போ ஹம்பக் மார்ஷ். ட்ரென்டன், ஜிப்ரால்டர்னு ரெண்டு ஊருக்கு நடுவுல, தீவோட சேர்த்து 410 ஏக்கர் சதுப்பும் காடும். ஆத்தோட அமெரிக்க நிலக்கரையில எதுவும் கட்டாம இயற்கையா மிச்சம் இருந்த கடைசி ஒரு மைல் இது தான். 1990கள் கடைசியில இதுல சொகுசு வீடுங்க கட்ட ஒரு டெவலப்பர் திட்டம் போட்டாரு. பொதுக் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு ஆயிரம் பேருக்கு மேல வந்து எதிர்த்தாங்க. அனுமதி கிடைக்கல, இழுபறிக்கு அப்புறம் 2004ல அந்த நிலத்தை வாங்கி சரணாலயத்தோட சேர்த்தாங்க.

அந்தச் சரணாலயம் 2001 டிசம்பர் 21ல சட்டமாச்சு. பேரு டெட்ராய்ட் ரிவர் இன்டர்நேஷனல் வைல்ட்லைஃப் ரெஃப்யூஜ், வட அமெரிக்காவோட முதல் சர்வதேச வனவிலங்கு சரணாலயம். அமெரிக்கப் பக்கம் காங்கிரஸ் உறுப்பினர் ஜான் டிங்கல், கனடாப் பக்கம் துணைப் பிரதமரா இருந்த ஹெர்ப் கிரே ரெண்டு பேரும் முன்னால நின்னாங்க. பழைய வயண்டாட் சரணாலயமும் இதுக்குள்ள வந்துடுச்சு, ஆரம்பத்துல கையில இருந்தது சுமார் 300 ஏக்கர், இப்போ 6,000 ஏக்கருக்கு மேல.

அவ்ளோ ஏக்கர் எப்படி வந்துச்சுன்றது தான் இண்டஸ்ட்ரியல் ஏரியாவுக்கு உருப்படியான பாடம். எல்லாத்தையும் காசு குடுத்து வாங்கல. 48 மைல் கரைக்கு ஒரு எல்லை போட்டுட்டு, அதுக்குள்ள யாரு விக்கத் தயாரா இருக்காங்களோ அவங்ககிட்ட மட்டும் வாங்கறது, தானமா குடுத்தா வாங்கிக்கறது, விக்க மாட்டேன்னு சொல்ற கம்பெனிகிட்ட கூட்டு மேலாண்மை ஒப்பந்தம் போடறது. டிடிஇ எனர்ஜின்ற மின்சாரக் கம்பெனியோட ஃபெர்மி அணு மின் நிலைய வளாகத்துல 656 ஏக்கர் அப்படித் தான் லகூனா பீச் யூனிட்டுன்ற பேர்ல சேர்ந்துச்சு. அணு உலைக்குப் பக்கத்துல பாதுகாப்புக்காகவே யாரையும் விடாத நிலம், அது வாத்துக்கு ரொம்ப வசதி! வேலி, காவல், படகு வரக்கூடாதுன்ற தடை, எல்லாம் கம்பெனி செலவுலயே நடக்குது. இளைப்பாற வந்த முங்கு வாத்தை ஒரு ஸ்பீட்போட் நாலு தடவை எழுப்பி விட்டா அது தின்னு சேர்த்த கொழுப்பு பறந்தே தீந்துடும், அதனால ஆள் நடமாட்டம் இல்லாத தண்ணிப் பரப்புன்றதே ஒரு வளம் தான், பெரிய தொழிற்சாலைங்ககிட்ட அது நிறைய இருக்கு.

2010ல ஹம்பக் மார்ஷுக்கு, உலக அளவுல முக்கியமான ஈரநிலம்னு குடுக்கற ராம்சார் அங்கீகாரம் கிடைச்சுது, மிச்சிகனுக்கு அது தான் முதல். 51 வகை மீன், 154 வகை பறவைன்னு பதிவு, 300 வருஷ வயசு ஓக் மரங்களும் இருக்கு. அப்போ பவர் பிளான்ட் புகைபோக்கி தெரியற தூரத்துல இருந்துச்சு இது.

பக்கத்து நிலம்: 44 ஏக்கர்

ஹம்பக் மார்ஷை ஒட்டி வடக்கால 44 ஏக்கர், 1946ல இருந்து 1990 வரைக்கும் கிரைஸ்லரோட ஃபாக்டரி இருந்த இடம், பிரேக் லைனிங், பெயின்ட் மாதிரி சாமான் செஞ்சது. மூடி, இடிச்சு, மாசான மண்ணோட கிடந்துச்சு. 2002ல வெய்ன் கவுன்டி அதை வாங்கி ரெஃப்யூஜ் கேட்வேன்னு பேரு வச்சுது. சதுப்பைக் காப்பாத்தணும்னா பக்கத்து நிலத்துல இருந்து என்ன வழிஞ்சு வருதுன்னு பாக்கணும், அதனால இது அலங்காரத்துக்காக எடுத்த நிலம் இல்ல. சதுப்புக்குக் கவசம்.

வேலை நடந்த விதத்தைக் கிட்டப் போய் பாக்கலாம். ரொம்ப மாசான மண்ணை எடுத்துட்டு, மீதி இடத்துல சுத்தமான களிமண், மேல்மண் போட்டு மூடினாங்க. மூடின இடத்துல ஈரநிலம் வெட்ட முடியாது, தோண்டினா மூடியே போயிடும். அதனால எங்க தோண்டலாம், எங்க மேடாவே விடணும்னு மண் பரிசோதனை தான் வரைபடத்தைத் தீர்மானிக்கும், லேண்ட்ஸ்கேப் ஆர்கிடெக்ட்டோட ஆசை இல்ல. மொங்குவாகன் ஓடை வாய்க்காலா அடைபட்டுக் கிடந்துச்சு, அதை வெளிச்சத்துக்குக் கொண்டு வந்து, மழைத்தண்ணி முதல்ல ஒரு தேக்கத்துல நின்னு வண்டல் அடங்கி, அப்புறம் செடிங்க இருக்கற ஈரநிலத்து வழியா ஊர்ந்து ஆத்துக்குப் போற மாதிரி செஞ்சாங்க. மொத்தம் 16 ஏக்கர் ஈரநிலம், 25 ஏக்கர் மேட்டு நிலத்துல புல்லும் மரமும், பக்கத்துல ஹம்பக் மார்ஷ்ல 50 ஏக்கர்ல வெளியூரு செடி ஒழிப்பு.

16 ஏக்கர். கேக்க சின்னதா இருக்கும், ஆனா 97 சதவீதம் ஈரநிலம் போன ஆத்துல, முன்னாடி ஃபாக்டரி நின்ன நிலத்துல, கூட்டிக் குடுத்தது அது. 2004ல இருந்து 2018 வரைக்கும் சரணாலய மேனேஜரா இருந்த ஜான் ஹார்டிக் இதையே திரும்பத் திரும்பச் சொல்லி ஆளைச் சேர்த்தாரு, இண்டஸ்ட்ரியோட மிச்சத்துல இருந்து ஒரு சரணாலய வாசல்னு. படகுத்துறை, மீன்பிடி மேடை எல்லாத்தோட அந்த இடம் பொதுமக்களுக்குத் திறந்தது 2020ல. நிலம் வாங்கினது 2002, திறந்தது 2020. இந்த மாதிரி நிலத்துல வேலை அப்படித் தான் இழுக்கும், அஞ்சு வருஷத் திட்டம் போட்டு காசு கேக்கறவங்க இந்த ரெண்டு வருஷத்தையும் எழுதிச் சுவத்துல ஒட்டிக்கலாம்.

இரும்புக் கரையைக் கழட்டறது

ஆத்தோரம் செங்குத்தா நிக்கற இரும்புத் தகடு அலையை உள்வாங்காது, அப்படியே திருப்பி அடிக்கும். திரும்பின அலை தகட்டோட அடியையே அரிக்கும், கரைக்குப் பக்கத்துலயே ஆழமாயிடும், செடி நிக்காது, மீன் குஞ்சுக்கு ஒளிய இடமில்ல, வாத்துக் குஞ்சு தண்ணியில இருந்து மேல ஏறவே முடியாது. 1999ல இதுக்காகவே ஒரு கருத்தரங்கு நடத்தி, அடுத்த வருஷம் மென்கரைப் பொறியியலுக்கு ஒரு கையேடு போட்டாங்க. சொன்னது எளிமை தான். கரையைச் சரிவா வெட்டு, அடியில சின்னதும் பெருசுமா கல்லு போடு, கொஞ்சம் தள்ளி தண்ணிக்குள்ள ஒரு கல் மேடு கட்டி கப்பல் அலையை அங்கயே உடை, நடுவுல உண்டாகற அமைதியான தண்ணியில ஊர்ச் செடியை நடு. அதுக்கப்புறம் இந்தப் பகுதியில 50க்கும் மேல இடத்துல இப்படிச் செஞ்சிருக்காங்க.

எல்லா இடத்துலயும் முடியாது. கப்பல் வந்து நிக்கற துறையில தகடு வேணும். ஆனா துறை மூடி வருஷக்கணக்கான கம்பெனிக் கரையில தகடு துருப்பிடிச்சு மாத்தற நேரம் வரும் பாருங்க, அது தான் பேச்சு எடுக்க நல்ல நேரம், ஏன்னா புதுத் தகட்டோட செலவும் சரிவோட செலவும் அப்போ ஒரே மேசையில இருக்கும்.

சேறு எங்க போச்சு

ட்ரென்டன்ல பிளாக் லகூன்னு ஒரு சின்ன வளைகுடா இருந்துச்சு, 1980கள்ல எடுத்த வான்படத்துல எண்ணெய் படிஞ்சு கறுப்பாத் தெரிஞ்சதால அந்தப் பேரு. பேரேரிகள்ல மாசான வண்டலை எடுக்கறதுக்காகவே வந்த லெகசி சட்டத்தோட முதல் வேலை இங்க தான், 2004ல ஆரம்பிச்சு அடுத்த வருஷம் முடிச்சாங்க. சுமார் 1,15,000 கன கெஜம் சேத்தை அள்ளினாங்க. 2007ல பேரையே எலியாஸ் கோவ்னு மாத்திட்டாங்க.

அள்ளின சேத்தை என்ன பண்ணாங்கன்னு கேளுங்க, அங்க தான் கிராஸி தீவுக்கு நேர் எதிர் கதை இருக்கு. அது ஈரி ஏரி முகத்துல பாயின்ட் மூயேல இருக்கற அடைப்புக்குப் போச்சு. அங்க சுமார் 4,000 ஏக்கர் சதுப்பு, ஏரி அலையைத் தடுத்துக்கிட்டு இருந்த மணல் தீவு கரைஞ்சு போனதால அழிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. ராணுவப் பொறியாளர்கள் 1970கள் கடைசியில, அந்தத் தீவு இருந்த அதே இடத்துல, மூணரை மைல் நீளத்துக்கு வாழைப்பழ வளைவுல கனமான கல் கரை கட்டி, தூர்வாரின மாசுச் சேத்தை அதுக்குள்ள அடைச்சு வச்சாங்க. அடைப்பு தான் இப்போ அலைத் தடுப்பு, அதுக்குப் பின்னாடி அணை வச்சுப் பிரிச்ச சதுப்புல தண்ணி மட்டத்தை ஏத்தி இறக்கி வாத்துக்குத் தீனி வளர்க்கறாங்க. கோடையில தண்ணியை இறக்கினா சேறு காய்ஞ்சு விதை முளைக்கும், இலையுதிர் காலத்துல ஒரு அடி தண்ணி ஏத்தினா மேலாப்ல மேயற வாத்துங்களுக்கு விருந்து. அதே ஆத்தோட அதே நச்சுச் சேறு தான், ஒரு இடத்துல சரணாலயத்துக்குள்ள கொட்டினாங்க, இன்னொரு இடத்துல சதுப்புக்கு வெளிய சுவரா நிறுத்தினாங்க. அடைப்பு மேலயும் பறவை வந்து உக்காரத் தான் செய்யும், அதனால அதையும் கண்காணிச்சுக்கிட்டே இருக்கணும்.

முடியாத வேலைங்க

பிராக்மைடிஸ்னு வெளியூரு நாணல் ஒண்ணு, ஆளை விட ரெண்டு மடங்கு உசரம், அடர்த்தியா நின்னா நடுவுல வாத்து நீந்தவே முடியாது. வாத்துக்குப் பிடிச்சது பாதி தண்ணி, பாதி செடின்னு திட்டுத் திட்டா கலந்திருக்கற சதுப்பு. கோடை கடைசியில மருந்து அடிச்சு, காய்ஞ்சதும் எரிச்சோ வெட்டியோ தள்ளி, அடுத்த வருஷம் மிச்சத்துக்கு மறுபடி அடிக்கணும். ஒரு வருஷம் காசு இல்லன்னு விட்டா வேர்ல இருந்து திரும்ப மேல வந்துடும். திட்டம் எழுதறப்போ வெட்டற செலவுக்கு ஸ்பான்சர் கிடைப்பாங்க, பராமரிக்கற செலவுக்குக் கிடைக்க மாட்டாங்க, எந்த நாட்டுலயும் இதே தான்.

2019ல ஈரி ஏரி மட்டம் பதிவான சரித்திரத்துலயே உச்சத்துக்குப் போச்சு. தண்ணி ஏறினா சதுப்பு பின்னாடி நகர்ந்து போகணும், பின்னாடி ரோடும் கம்பெனிச் சுவரும் இருந்தா எங்க நகரும்? கேட்வே மாதிரி பின்னால மேட்டு நிலத்தோட சேர்த்து எடுத்தா மட்டும் தான் அதுக்கு வழி இருக்கு.

அதே 2019ல தான் ட்ரென்டன்ல பழைய மெக்லவுத் ஸ்டீல் வளாகத்தோட தெற்குப் பகுதியை சூப்பர்ஃபண்ட் பட்டியல்ல சேர்த்தாங்க, நாட்டுலயே மோசமான மாசு இடங்களோட பட்டியல் அது. ட்ரென்டன் சேனல் பவர் பிளான்ட் 2022ல மூடிடுச்சு. ரெண்டும் ஆத்தங்கரை நிலம், ரெண்டும் சதுப்புல இருந்து கிட்டத் தான். இந்த மாதிரி நிலங்களுக்கு என்ன பயன்பாடு, கரையில தகடா சரிவா, ஓரத்துல எத்தனை அடி விடணும்னு நகராட்சிக் கூட்டத்துல முடிவாகும். கேட்வே மாதிரி இன்னொரு 16 ஏக்கர் வர்றதும் வராம போறதும் அந்தக் கூட்டங்கள்ல யாரு போய் உக்காருறாங்கன்றதைப் பொறுத்தது. 1990கள்ல ஆயிரம் பேரு போனாங்க.